பிடித்திருக்கிறேன் என்ற பொய்

எங்கள் ஊரிலே துவிச்சக்கர வண்டி ஓடத் தெரியாதவர் ஒருவரைக் காண்பது அரிது. எழுபது வயதுக் கிழவர் ஓடுவர்; சேலை உடுத்த ஆசிரியைமார் ஓடுவர்; கரியரிலே வாழைக்குலையைக் கட்டிக்கொண்டு, ஒரு கையிற் குடையும் மறு கையில் ஹாண்டிலுமாக மாரி மழையினூடே ஓடுபவரும் உளர். ஆனால், இவர்களுள் யாரையேனும் சந்தியிலே மறித்து, "ஐயா, இரண்டே சில்லில் நிற்கும் இவ்வண்டி உம்மைச் சுமந்துகொண்டு விழாமற் செல்வது எவ்வாறு? விழாதிருப்பதற்கு நீர் என்ன செய்கிறீர்?" என்று வினவிப் பாருங்கள். அவர் சிரிப்பார், அல்லது, "அது பழகினால் வரும்" என்று கூறி அப்பாற் போய்விடுவார். அவரைக் குறைகூறுதல் தகாது. நாள்தோறும் பிழையின்றிச் செய்யும் ஒரு காரியத்தை எப்படிச் செய்கிறார் என்று அவராற் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான்.

நான் 35 ஆண்டுகள் பாடசாலைகளிலே கற்பித்து இளைப்பாறியவன். சொல்லக்கூடிய அறிவைச் சொல்லிக் கொடுப்பதே என் தொழிலாக இருந்தது. சொல்ல முடியாத அறிவொன்று ஒரு குழந்தையிடம் எவ்வாறு வந்து சேருகிறது என்பதை, என் ஐந்து வயதுப் பேர்த்தி சைக்கிள் ஓடப் பழகிய மூன்று வாரங்களிலே, படலையடியில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்து கண்டேன். கண்டது மகிழ்ச்சியைத் தந்தது. அதனோடு, முப்பது ஆண்டுகளாக என் மனத்தின் ஒரு மூலையிலே கிடந்த குற்றவுணர்ச்சி ஒன்றையும் அது கிளறிவிட்டது. இரண்டையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன்.

பாருக்குக் கீழே ஒரு கால்

1957ஆம் ஆண்டிலே எனக்குப் பத்து வயது. அக்காலத்தில் சிறுவர்க்கென்று சைக்கிள் இருந்ததாக நாம் அறியோம். என் தகப்பனாரிடம் ஒரு கறுத்த றலி வண்டி இருந்தது. அது திண்ணையோரம் சாத்தி வைக்கப்பட்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் தேங்காய் எண்ணெய் பூசித் துடைக்கப்படும். எங்களுக்கோ அதன் மணியைக்கூடத் தொட அனுமதியில்லை. ஆகையால், நானும் பக்கத்து வளவுத் தோழனும் சில்லறைகளைச் சேர்த்துச் சந்தியிலிருந்த சைக்கிள் கடைக்குப் போவோம். மணிக்கு 25 சதம் வாடகை. கிடைப்பது பெரியவர் ஓடும் வண்டி. ஆசனத்தில் ஏறினால் கால் பெடலுக்கு எட்டாது.

எட்டாத காலுக்கு வழியைச் சிறுவர் உலகம் எங்களுக்கு முன்பே கண்டுபிடித்திருந்தது. முதலிலே இடக்காலைப் பெடலில் வைத்து, வலக்காலால் நிலத்தை உந்தி உந்தித் தத்திக்கொண்டு செல்வோம். உந்திய கால் அந்தரத்தில் நிற்கும் நேரம் நாளுக்கு நாள் நீளும். பின்னர் ஒருநாள், அந்தக் காலைப் பாருக்குக் கீழே, முக்கோணச் சட்டத்தினூடே நுழைத்து, அப்பாலுள்ள பெடலில் வைப்போம். வண்டி ஒருபுறம் சாய, உடல் மறுபுறம் தொங்க, நண்டு நடப்பது போன்று ஒழுங்கை நெடுகச் செல்வோம். கிளுவை வேலி எங்களைப் பலமுறை தாங்கிக்கொண்டது. முழங்காலிலே அதன் அடையாளங்கள் இன்னும் இருக்கின்றன.

அன்று எங்களைப் பின்னால் நின்று பிடித்தவர் எவருமில்லை. பிடிப்பதற்கு எந்தப் பெரியவருக்கும் நேரமில்லை; பிடிக்க வேண்டுமென்ற எண்ணமும் இல்லை. விழப்போகிறோம் என்று தோன்றினால் எங்கள் காலை நாங்களே நிலத்தில் ஊன்றுவோம். காலை எப்போது ஊன்றுவது, எப்போது எடுப்பது என்பதை நாங்களே தீர்மானித்தோம். இது ஒரு பெரிய விடயமென்று அப்போது தோன்றவில்லை. ஏழ்மையினால் நேர்ந்த குறையென்றே பல்லாண்டுகள் எண்ணியிருந்தேன்.

கோயில் வீதியில் ஒரு மாலை

1990 ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் இல்லாது போயிற்று. எரிபொருட்களுக்குத் தடை விழுந்தது. அதன்பிறகு சைக்கிளே எங்கள் வாழ்வைச் சுமந்தது. விறகு, மரக்கறி, நோயாளர், கர்ப்பிணிகள், பாடசாலைப் பிள்ளைகள் எல்லாம் அதிலேதான். இரவிலே வண்டியை ஸ்ராண்டில் நிறுத்தி, ஒருவர் பெடலை மிதிக்க, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். அந்நாட்களில் சைக்கிள் ஓடத் தெரியாத பிள்ளை கால் இல்லாத பிள்ளைக்குச் சமம்.

1992ஆம் ஆண்டிலே என் மகளுக்கு எட்டு வயது. அவளுடைய மாமியின் வண்டி ஒன்றின் ஆசனத்தைப் பதித்துக் கொடுத்து, மாலை வேளைகளிலே கோயில் வீதிக்கு அவளைக் கூட்டிச் சென்றேன். நான் கற்பித்தல் தெரிந்தவன் அன்றோ! ஆகவே முறையாகத் தொடங்கினேன். அவள் ஆசனத்தில் இருப்பாள். நான் கரியரை இறுகப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுவேன். பத்து அடிக்கு ஒருமுறை அவள் கேட்பாள்:

"அப்பா, பிடிச்சிருக்கிறியளோ?"

"பிடிச்சிருக்கிறன் பிள்ளை. முன்னாலை பார்த்து ஓடு."

நான்காம் நாள் மாலை. வண்டி ஓரளவு நேராக ஓடுவதைக் கண்டு நான் கையை எடுத்தேன். எடுத்தபின்பும் கூடவே ஓடினேன். அவள் கேட்டாள், நான் அதே விடையைச் சொன்னேன். மேலும் சற்றுத் தூரம் சென்றதும் நின்றுவிட்டேன். என் மனத்திலே பெருமை நிறைந்திருந்தது. அவள் மீண்டும் கேட்டாள். இம்முறை என் குரல் தொலைவிலிருந்து வந்தது. திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள். தலை திரும்பிய பக்கம் ஹாண்டிலும் திரும்பிற்று. கல்லு வீதியிலே முகங்குப்புற விழுந்தாள்.

நாடியிலே 3 தையல் போட வேண்டியிருந்தது. தையல் போடும்போதும் அவள் அதிகம் அழவில்லை. வீட்டுக்கு வந்து படுத்தபின், விளக்கைத் தணிக்கப் போன என்னிடம் மெதுவாகக் கேட்டாள்:

"பிடிச்சிருக்கிறன் எண்டு ஏனப்பா சொன்னனீங்கள்?"

"அப்பிடிச் சொன்னால்தானே பிள்ளை பயமில்லாமல் ஓடும்" என்றேன்.

அவள் மறுமொழி சொல்லவில்லை. மறுவாரமே சைக்கிள் ஓடினாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து, காலை ஊன்றியும் எடுத்தும், தானாகவே பழகிக்கொண்டாள். ஆனால், அதன்பின் ஒருபோதும் என்னைக் கரியரைத் தொட விடவில்லை. ஊரிலுள்ள எல்லாத் தகப்பன்மாரும் செய்வதைத்தானே நானும் செய்தேன் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். தேற்றிக்கொள்ள வேண்டியிருந்தது என்பதே, அதிலே பிழை இருந்தது என்பதற்குச் சான்று.

ஓர் இரவு முழுவதும்

1995 ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கிலே தென்மராட்சியை நோக்கிப் புறப்பட்டனர். மழை தூறிக்கொண்டிருந்தது. சைக்கிள் இருந்தும் ஓட முடியவில்லை. அடி அடியாக உருட்டிச் செல்லத்தான் இடமிருந்தது. என் வண்டியிலே இரண்டு மூட்டைகள். மனைவி கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருபுறம் வந்தாள். மகளுக்கு அப்போது பதினொரு வயது. கரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் வரும்படி அவளுக்குச் சொல்லியிருந்தேன். அந்த இருளிலே ஒரு பிள்ளை கை நழுவினால் மறுபடி கண்டுபிடிப்பது எளிதன்று.

இம்முறை கேட்பவன் நானாக இருந்தேன்.

"பிள்ளை, பிடிச்சிருக்கிறியோ?"

"ஓமப்பா, பிடிச்சிருக்கிறன்."

நாவற்குழிப் பாலத்தை அணுகும்வரை எத்தனை முறை கேட்டிருப்பேனோ தெரியாது. பாலத்தடியிலே நெரிசல் மிகுந்தது. மறுபடியும் கேட்டேன். பின்னாலிருந்து, ஆனால் சற்றுத் தள்ளி, அவள் குரல் வந்தது:

"இல்லையப்பா, கை விட்டுப்போச்சு. நில்லுங்கோ!"

நின்றேன். பின்னால் வந்தவர்கள் ஏசினார்கள், தள்ளினார்கள். நான் அசையவில்லை. சனங்களுக்கு ஊடாக நுழைந்து அவள் வந்து சேர்ந்து கரியரைப் பிடித்தபின்பே நகர்ந்தேன். என்னைப் பயப்படுத்தக்கூடாதென்று எண்ணி அவள் அன்று "பிடித்திருக்கிறேன்" என்று சொல்லியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதைப் பல இரவுகள் நினைத்துப் பார்த்திருக்கிறேன். பிடித்திருக்கிறேன் என்ற சொல் எவ்வளவு கனமானது என்பதை எட்டு வயதுப் பிள்ளை அறிந்திருந்தாள். அவளுக்குக் கற்பித்த ஆசிரியன் அறிந்திருக்கவில்லை.

விழுகின்ற பக்கம் திரும்புதல்

இனி, சைக்கிள் விழாமல் நிற்பதன் மருமத்துக்கு வருவோம். ஓடும் வண்டி இடப்பக்கம் சாயத் தொடங்கினால், ஓடுபவர் ஹாண்டிலை இடப்பக்கமே திருப்புகிறார். விழும் பக்கம் திரும்புவது அறிவீனம் போலத் தோன்றும். ஆனால், அப்படித் திருப்பும்போது சில்லுகள் சாய்ந்த உடலுக்குக் கீழே வந்து சேர்கின்றன; வண்டி நிமிர்கின்றது. உள்ளங்கையிலே தும்புத்தடியை நிமிர்த்தி வைத்து விளையாடும் சிறுவன், தடி சாயும் பக்கமே கையைக் கொண்டு போகிறான் அல்லவா? அதுவே இதுவும். நேராகச் செல்வதாக நாம் எண்ணும் சைக்கிளின் தடத்தை ஈர மணலிலே பாருங்கள். முன்சில்லின் கோடு இடமும் வலமும் நெளிந்து நெளிந்து செல்லும். ஓயாமல் விழுந்து ஓயாமல் எழுவதே ஓட்டம்.

இதனினும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. இடப்பக்கம் வளைய விரும்பும் ஒருவர், தாம் அறியாமலே ஒரு கணம் ஹாண்டிலைச் சற்று வலப்பக்கம் திருப்புகிறார். அதனால் உடல் இடப்பக்கம் சாய்கிறது. பின்னரே ஹாண்டிலும் இடப்பக்கம் திரும்புகிறது. ஐம்பது வருடம் ஓடியவரிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார். கால்கள் ஓடும் இரகசியத்தைத் தலை அறியாது.

சுழலும் சில்லின் பம்பரக் குணமே வண்டியை நிறுத்துகிறது என்று முன்னர் பலர் எண்ணினர். இங்கிலாந்தைச் சேர்ந்த டேவிட் ஜோன்ஸ் என்பவர், அக்குணத்தை அழிப்பதற்காக எதிர்த்திசையிற் சுழலும் இன்னொரு சில்லைப் பூட்டிய வண்டியொன்றைச் செய்து, அதன்மீது இடரின்றி ஓடிப் பார்த்து 1970ஆம் ஆண்டில் எழுதினார். 2011இலே நெதர்லாந்திலும் அமெரிக்காவிலும் உள்ள ஆய்வாளர், பம்பரக் குணத்தையும் முன்சில்லு பின்தொடரும் குணத்தையும் ஒருங்கே நீக்கிய சிறு வண்டியொன்றைத் தள்ளிவிட்டு, ஆளில்லாமலே அது நிமிர்ந்து செல்வதைக் காட்டினர். இருநூறு ஆண்டுகள் கடந்தும் இவ்வண்டி அறிஞர்களுக்கே பாடம் புகட்டிக்கொண்டிருக்கிறது.

ஹங்கேரியிலே பிறந்து இரசாயன அறிஞராய் விளங்கிப் பின்னர் தத்துவத்துறைக்கு வந்த மைக்கேல் பொலானி, 1958ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றிலே, சொல்ல முடியாத அறிவுக்கு இச்சைக்கிளோட்டத்தையே உதாரணமாகக் காட்டினார். குறித்த ஒரு சாய்வைத் திருத்துவதற்கு எவ்வளவு வளைய வேண்டும் என்பது வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறானது என்று அவர் விதியை எழுதிக் காட்டினார். வேகம் பாதியானால் நான்கு மடங்கு வளையவேண்டும். ஆனால், இவ்விதியை மனப்பாடஞ் செய்தவன் சைக்கிள் ஓடிவிடுவானா? ஓடமாட்டான். ஓடுகின்றவனுக்கு இவ்விதி தெரியுமா? தெரியாது.

இவ்விதியிலே பெற்றோருக்கு ஒரு புத்திமதி இருக்கிறது. "மெல்ல, மெல்ல" என்று நாம் பின்னால் நின்று கூவுகிறோம். மிக மெல்ல ஓடுவதே மிகக் கடினம். பிள்ளை தயங்கித் தயங்கிச் செல்லும்போதுதான் ஹாண்டில் தறிகெட்டு ஆடுகிறது. சற்று வேகம் வந்ததும் வண்டி அமைதியடைகிறது. பயத்தினாலே நாம் சொல்லும் அறிவுரை பயத்துக்கே காரணமாகிறது.

துணைச் சில்லுகள்

கடைகளிலே இப்போது விற்கப்படும் சிறுவர் வண்டிகளின் பின்சில்லுக்கு இருபுறமும் இரண்டு சிறு சில்லுகள் பூட்டியிருப்பார்கள். பிள்ளை விழாது, பெற்றோர் கவலையின்றித் தேநீர் அருந்தலாம். ஆனால், அவ்வண்டி சாய்வதில்லை. சாயாத வண்டியிலே சாய்வைத் திருத்துவது எப்படி என்று பிள்ளை பழகுவதற்கு இடமேது? அது மூன்று சில்லு வண்டியைப் போலவே ஹாண்டிலைத் திருப்பப் பழகுகிறது. வளைவிலே உடல் உட்புறம் சாய்வதற்குப் பதிலாக வெளிப்புறம் தள்ளப்படுகிறது. துணைச் சில்லுகளைக் கழற்றிய நாளிலே அப்பிள்ளை புதிதாகத் தொடங்குவதோடு, பழகிய பிழையையும் மறக்க வேண்டியிருக்கிறது. பெடல் மிதிக்க அது கற்றுவிட்டது உண்மைதான். ஆனால், பெடல் மிதிப்பது கடினமான பாகமன்று. எந்தப் பிள்ளையும் சிறு பொழுதிலே கற்றுக்கொள்ளும். கடினமானதை ஒளித்து வைத்து, எளிதானதை மட்டும் மாதக்கணக்கிற் பழக்குகிறோம்.

போர்த்துக்கல் நாட்டு ஆய்வாளர்கள் பல நாட்டவரிடமும் பல தலைமுறையினரிடமும் விசாரித்து 2022ஆம் ஆண்டிலே ஓர் ஆய்வை வெளியிட்டனர். பெடலில்லாத சிறு வண்டியிற் பழகியவர்கள், துணைச் சில்லு வண்டியிற் பழகியவர்களைவிட ஏறக்குறைய 2 வயது முன்னதாகவே தனித்து ஓடியிருந்தனர் என்று அதிலே காணப்பட்டது.

பெடலில்லாத வண்டி புதுமையானதென்று எண்ணவேண்டாம். சைக்கிள் பிறந்ததே அப்படித்தான். 1817 ஜூன் 12ஆந் திகதி, ஜேர்மனியிலுள்ள மன்ஹைம் நகரிலே கார்ல் வொன் டிறைஸ் என்பவர் மரத்தினாற் செய்த இரு சில்லு வண்டியொன்றின்மேல் அமர்ந்து, இரு கால்களாலும் நிலத்தை உந்தி உந்திப் பிரயாணஞ் செய்தார். முன்சில்லிலே பெடல் பூட்டப்பட்டது 1860களிலே, பாரிஸ் நகரில். இடையிலே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. மனித குலமே முதலிற் சமநிலையைப் பழகி, பின்னரே பெடலை மிதித்தது. இன்று நாம் ஓடும் வண்டியின் அமைப்பு இங்கிலாந்திலே ஸ்ராலி என்பவரால் 1885இல் உருப்பெற்றது. 1888இல் டன்லொப் என்னும் மிருக வைத்தியர் காற்றடைத்த ரயருக்குக் காப்புரிமை பெற்றார். அவர் அதை முதலிற் செய்தது தம் சிறு மகனுடைய மூன்று சில்லு வண்டிக்காகவே. பிள்ளைக்குத் தகப்பன் செய்யக்கூடிய உதவி பின்னால் நின்று பிடிப்பது மாத்திரமன்று என்பதற்கு அந்த ரயரும் ஒரு சாட்சி.

பெடலைக் கழற்றினேன்

பேர்த்தியின் ஐந்தாவது பிறந்த நாளுக்குச் சிவப்பு நிறச் சிறு வண்டியொன்று வந்தது. நான் சால்வையை வரிந்து கட்டிக்கொண்டு முற்றத்தில் இறங்கினேன். மகள் வாசலிலே நின்று சொன்னாள்:

"அப்பா, நீங்கள் பிடிக்கவேண்டாம். துணைச் சில்லையும் பெடலையும் மட்டும் கழற்றித் தாங்கோ."

கோபத்தோடு சொல்லவில்லை. ஆயினும் எனக்கு உறைத்தது. பேசாமல் ஸ்பனரை எடுத்தேன். வலப்பெடல் வழமைபோல இடஞ்சுழியாகத் திருப்பக் கழன்றது. இடப்பெடலோ திருப்பத் திருப்ப இறுகிற்று. அதன் புரி எதிர்ப்புறமாக வெட்டப்பட்டது. வலஞ்சுழியாகத் திருப்பினாற்றான் கழலும். ஓடும்போது தானாகக் கழன்று போகாதிருக்க அவ்வாறு செய்திருக்கிறார்கள். ஆசனத்தையும் இறக்கினேன். பிள்ளை அதில் இருந்தால் இரண்டு பாதங்களும் முழுமையாக நிலத்திற் பதியவேண்டும். நுனிவிரல் மட்டும் எட்டினாற் போதாது.

முதல் இரண்டு நாட்களும் அவள் ஆசனத்தில் இருக்கவேயில்லை. வண்டியைக் கால்களுக்கிடையில் வைத்துக்கொண்டு நடந்தாள். இதிலே என்ன பழக்கம் என்று எனக்குச் சலிப்பாக இருந்தது. மூன்றாம் நாள் இருந்துகொண்டு நடந்தாள். வாரம் முடிவதற்குள் நடை எட்டு நடையாயிற்று. ஒவ்வோர் எட்டுக்கும் இடையில் இரண்டு பாதங்களும் ஒரு கணம் நிலத்தை விட்டிருந்தன. அந்த ஒரு கணம்! 1957ஆம் ஆண்டில், உந்திய காலை நான் அந்தரத்திலே தூக்கி வைத்திருந்த அதே கணம். பெரிய வண்டியும் எட்டாத காலும் எங்களுக்குத் தாமாகவே கொடுத்திருந்த பாடத்தை, நான் என் மகளுக்குக் கொடுக்காமல் என் கையைக் கொடுத்தேன் என்பது அன்றுதான் விளங்கிற்று.

இரண்டாம் வாரத்தில், ஒழுங்கையிலே மதவடியிலிருந்து எங்கள் படலைவரை உள்ள சிறு சரிவிலே, கால்களைத் தூக்கிக்கொண்டு வழுக்கி வந்தாள். கண்கள் சில்லைப் பார்க்கவில்லை, படலையைப் பார்த்தன. நிற்க வேண்டுமானால் காலை ஊன்றினாள். பிறேக்கை மெல்ல மெல்ல இறுக்கவும் தாய் பழக்கினாள். ஓடுமுன் நிற்கக் கற்பது எவ்வளவு நல்லது! ஒவ்வொரு நாளும் அரைமணி நேரத்துக்கு மேல் அவளை ஓட விடவில்லை. களைத்த உடல் பிழைகளையே பழகும். ஓய்ந்து உறங்கி எழுந்த பிள்ளை முதல் நாள் முடியாததை மறுநாட் காலையிலே செய்வதை நான் பலமுறை கண்டேன். பழகியதை உறக்கத்திலே மூளை உறுதிப்படுத்திக்கொள்கிறது என்று விஞ்ஞானிகள் கூறுவதும் இதுவே.

அவளும் விழுந்தாள். இரண்டு முறை. தலைக்கவசம் இருந்தது, முழங்காலிற் சிறு சிராய்ப்பு. எழுந்து வந்து யாரையும் குற்றஞ்சாட்டவில்லை. குற்றஞ்சாட்டுவதற்கு யாரும் அவளைப் பிடித்திருக்கவில்லையே!

மூன்றாம் வாரத்திலே பெடல்களைத் திரும்பப் பூட்டினேன். ஒரு பெடலை மேலே நிறுத்தி, அதை மிதித்துக்கொண்டு புறப்படும்படி தாய் ஒருமுறை காட்டினாள். இரண்டு முறை தடுமாறினாள். மூன்றாவது முறை, பூவரச மரத்தைத் தாண்டி, மதவைத் தாண்டிப் போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. பிடித்திருக்கிறார்களா என்ற கேள்வி அவள் மனத்திலே எழவேயில்லை. கை விட்ட கணம் என்று ஒன்று அவள் வாழ்விலே இல்லை. தான் காலை எடுத்த கணம் மட்டுமே இருந்தது.

ஆசிரிய நண்பர்களுக்கு

பிள்ளையைத் தூக்கி நிறுத்திப் பின்னர் கையை எடுத்துக்கொள்வதே கற்பித்தல் என்று நான் நீண்டகாலம் நம்பினேன். இப்போது என் எண்ணம் வேறு. கையை எப்போது எடுப்பது என்பது ஆசிரியரின் தீர்மானமாக இருக்கும்வரை, பிள்ளை தன் சமநிலையைப் பழகவில்லை. நம் கையின் வலுவையே பழகுகிறது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் வகுப்பிலே மாதிரி வினாத்தாள்களாலும் மாலைநேர ரியூசன்களாலும் இருபுறமும் முட்டுக்கொடுத்து நாம் ஓட விடும் பிள்ளைகளை எண்ணிப் பார்க்கிறேன். விழாமல் ஓடுகிறார்கள், புள்ளிகளும் பெறுகிறார்கள். ஆறாம் ஆண்டிலே துணைச் சில்லைக் கழற்றியதும் எத்தனை பேர் தடுமாறுகிறார்கள் என்பதை ஆசிரியர்களாகிய நாம் அறிவோம். "உனக்கு எல்லாம் விளங்கிவிட்டது" என்று நாம் அவர்களுக்குச் சொல்லியிருந்ததும், கோயில் வீதியிலே நான் சொன்ன பொய்க்கு இனமானதே.

அப்படியாயின் ஆசிரியர் விலகிவிட வேண்டுமா? அன்று. பெடலைக் கழற்றியவர் வேண்டும். ஆசனத்தை இறக்கியவர் வேண்டும். சரிவைத் தேர்ந்தவர் வேண்டும். படலையடியிலே பொறுமையாய் உட்கார்ந்திருக்க ஒருவரும் வேண்டும். நன்னூலார் நல்லாசிரியருக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் என்று நான்கு உவமைகள் கூறினார். மாணாக்கனாய் இருந்த காலத்திலே அவற்றைப் பாடமாக்கினேன். ஆசிரியனாய் இருந்த காலத்திலே பாடமாக்குவித்தேன். நிலம் ஏன் முதலில் நிற்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. நிலம் பின்னால் நின்று பிடிப்பதில்லை. கீழே கிடக்கிறது. கால் ஊன்றினால் தாங்குகிறது. கால் எடுத்தால் தடுப்பதில்லை. உறுதியும் பொறுமையும் அதன் குணங்கள் என்றும், பருவத்திலே செய்த முயற்சியின் அளவுக்கே அது பயன் தரும் என்றும் நன்னூலார் கூறுகின்றார். பிடித்திருக்கிறேன் என்று அது ஒருபோதும் பொய் சொல்வதுமில்லை.

பேர்த்தி மதவுக்கு அப்பால் மறைந்ததும், படலையடியிலே நானும் மகளும் மட்டும் நின்றோம். முப்பது ஆண்டுகளாகச் சொல்லாதிருந்ததை அப்போது சொன்னேன்.

"பிள்ளை, அண்டைக்குக் கோயில் வீதியிலை நான் சொன்னது பொய்தான். சொல்லியிருக்கக் கூடாது."

அவள் ஒழுங்கையைப் பார்த்தபடியே நின்றாள். நாடியிலே அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. சற்று நேரங்கழித்துச் சொன்னாள்:

"பாலத்தடியிலை நான் நில்லுங்கோ எண்டு சொல்ல, நிண்டனீங்கள்தானே அப்பா. அதோடை அது சரி."

மதவடியிலே சைக்கிள் மணி கேட்டது. சிவப்பு வண்டி திரும்பி வந்துகொண்டிருந்தது.